கெர்லேன் வீட்டு மணம்: பெயரில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2023

பாரிஸ் நகரத்துக் கெர்லேன் இல்லம் 1828 முதல் வாசனைத் திரவியம் செய்து வருவதாகப் பெருமை பேசுகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தார் 1994இல் நிறுவனத்தை எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்திடம் விற்றுவிட்டார்கள். அதன் புகழ்பெற்ற வாசனைகளான ஷாலிமாரும் மிட்சுகோவும் முன்பிருந்த மணத்தோடு வருவதில்லை என்று நெடுநாளாகப் பூசி வருபவர்கள் சொல்கிறார்கள். பெயரும் புட்டியும் மட்டும் மிஞ்சிய பிறகு 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அது விளம்பரம்தானே?

4 மார்ச் 2023

விளம்பரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடியில் உண்மையான ஒன்றும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்ல இடம் கொஞ்சம் வேண்டும்.

நான் புதுச்சேரிக்காரன், 17 ஆண்டுகளாகப் பாரிஸ் புறநகர் ஒன்றில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். என் தாத்தா சைகோனில் பிரெஞ்சு நிர்வாகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கொண்டுவந்த பொருள்களுள் ஓர் அரை லிட்டர்க் கண்ணாடிப் புட்டியும் ஒன்று. அதன் உடல் முழுவதும் சிறு தேனீக்கள் புடைத்து நிற்கும். காய்ச்சல் வந்தால் பாட்டி அதிலிருந்து நாலு சொட்டு எடுத்துத் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார். நாங்கள் அதை ஓடிகோலன் என்றே அழைத்தோம். அது 1853இல் பேரரசி யூஜெனிக்காகச் செய்யப்பட்ட 'ஓ தெ கொலோன் எம்பேரியால்' என்பதும், தேனீ நெப்போலியன் குடும்பத்தின் சின்னம் என்பதும், அந்தப் படைப்புதான் கெர்லேனுக்கு அரண்மனை வாசனைக்காரர் என்ற தகுதியைப் பெற்றுத் தந்தது என்பதும் இங்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தன.

இனி கேள்விக்கு வருகிறேன். பியேர்-பிரான்சுவா-பஸ்கால் கெர்லேன் 1828இல் ரிவோலி வீதியில் கடை திறந்தார். அவருக்குப் பின் மகன் எமே, எமேயின் தம்பி மகன் ழாக், ழாக்கின் பேரன் ழான்-போல் என்று நான்கு மூக்குகள் வரிசையாக வந்தன. ('மூக்கு' என்பது பிரெஞ்சுக்காரர்கள் வாசனை படைப்பவருக்கு வைத்திருக்கும் பெயர், வேறு நல்ல சொல் தமிழில் எனக்கு அகப்படவில்லை.) இந்த நால்வருக்கும் பொதுவாக ஓர் அடித்தளம் உண்டு. பெர்கமோட் (நாரத்தை போன்ற ஒரு பழம்), ரோஜா, மல்லிகை, ஐரிஸ் கிழங்கு, டோங்கா விதை, வெனிலா ஆகிய ஆறும் சேர்ந்த அந்த மணத்தளத்தைக் 'கெர்லினாட்' என்று சொல்வார்கள். ஒரே வீட்டில் நான்கு தலைமுறை சாம்பார் வைத்தால் பொடியின் விகிதம் மாறினாலும் வாசலில் நுழைகிறவருக்கு அது இன்னார் வீட்டுச் சாம்பார் என்று தெரிந்துவிடும். கெர்லினாட் அப்படிப்பட்ட ஒன்று.

4 மார்ச் 2023, இரவு

ஆறு பொருள் என்று எழுதியதைப் படித்துவிட்டு, எல்லாப் படைப்புகளிலும் அந்த ஆறும் ஒரே அளவில் கலக்கப்படுகின்றன என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். அது எழுதி வைத்த கலவையைவிட ஒரு பழக்கத்துக்கே நெருக்கமானது. சில படைப்புகளில் அது ஓங்கி நிற்கும். சிலவற்றில் மணிக்கணக்காகக் காத்திருந்து, தோல் சூட்டில் மேல்மணம் (முதலில் எழும் மணம்) பறந்த பிறகுதான் தட்டுப்படும்.

11 மார்ச் 2023

ஜிக்கி என்ற வாசனையைப் பற்றி எழுதாமல் இந்த வீட்டின் படைப்பு மனத்தைப் பேச முடியாது. (பெயரைக் கேட்டதும் நம் பின்னணிப் பாடகி நினைவுக்கு வருவது இயல்பு, தொடர்பு ஒன்றுமில்லை.) எமே கெர்லேன் இதை 1889இல், ஈபிள் கோபுரம் எழுந்த அதே ஆண்டில் செய்தார். அதற்கு முன் நல்ல வாசனை என்றால் ஏதாவது ஒரு பூவை நினைவூட்ட வேண்டும், ரோஜா என்றால் ரோஜா, வயலட் என்றால் வயலட். ஜிக்கி எந்தப் பூவையும் நினைவூட்டவில்லை. லாவெண்டரும் பெர்கமோட்டும் மேலே நிற்க, அடியில் ஆய்வுக்கூடத்தில் பிறந்த கூமரினும் (டோங்கா விதையின் மணப்பொருள்) வெனிலினும் (வெனிலாவின் மணப்பொருள்) இருந்தன. அவற்றோடு புனுகும் இருந்தது.

புனுகு என்றால் நமக்குத் தெரியும். கோயில்களில் சாத்துவதும், சவ்வாது, கஸ்தூரி, கோரோசனை என்று நாட்டு மருந்துக் கடையில் வரிசையாகச் சொல்வதும் பழக்கம். நேரடியாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் அந்தப் பொருளை மிகக் குறைவாகக் கலந்தால் பூ மணம் உயிரோடு இருப்பதுபோல் ஆகிவிடும். எமேயின் துணிச்சல் இந்த இரண்டையும் ஒரே புட்டியில் இருத்தியதுதான். ஒரு பக்கம் ஆய்வுக்கூடத்தின் தூய வேதிப்பொருள், மறுபக்கம் விலங்கின் சுரப்பி. கூமரினை 1868இல் ஆங்கில வேதியியலாளர் பெர்க்கின் செயற்கையாகச் செய்தார். வெனிலின் 1874இல் வந்தது. செயற்கைக் கூமரினை வாசனையில் முதலில் கையாண்டது ஊபிகான் என்ற மற்றொரு வாசனை இல்லத்தின் 1882ஆம் ஆண்டுப் படைப்பு. ஆகவே எமே முதல் ஆள் இல்லை. ஆனால் அந்தப் புதுப் பொருள்களை மணத்தின் நடுவில் உட்கார வைத்து, 130 ஆண்டுகளுக்கு மேலாக விற்பனையில் நிற்கும் ஒன்றை அவர் செய்தார்.

அடுத்தது ஷாலிமார். ழாக் கெர்லேனிடம் எத்தில்வெனிலின் வந்து சேர்ந்தது. சாதாரண வெனிலினைவிட அது மூன்று மடங்குக்கு மேல் வீரியமானது. அதை அவர் ஜிக்கிப் புட்டியில் ஊற்றிப் பார்த்தார், ஷாலிமார் பிறந்தது என்று அந்த வீட்டில் ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, இரண்டையும் இரு மணிக்கட்டிலும் பூசிக்கொண்டு ஒரு மாலை முழுவதும் முகர்ந்தேன். உறவு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. தொடக்கத்தில் நாரத்தைத் தோலைக் கிள்ளியது போன்ற கூர்மை, கலவையில் கால் பங்குக்கும் மேல் பெர்கமோட் இருப்பதால். அது அடங்கியதும் வெனிலா எழுகிறது. ஆனால் அது பாயசத்து வெனிலா இல்லை. புகையும் தோலும் கலந்த, சற்றே கருகிய வெனிலா. இனிப்பைத் திகட்டும் எல்லை வரை கொண்டுபோய், அங்கே கசப்பால் நிறுத்தியிருக்கிறார். 'ஒன்றை அளவு மீற விடு, மற்றவற்றைக் கொண்டு அதைத் தாங்கு' என்பதே இந்த வீட்டின் படைப்பு நெறி என்று எனக்கு அன்று பட்டது.

பெயர், ஷாஜகான் மும்தாஜோடு உலவிய ஷாலிமார் தோட்டத்திலிருந்து வந்தது.

12 மார்ச் 2023

நேற்று எழுதிய கடைசி வரி தவறு; ஒரு வாசகர் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. லாகூரில் ஷாலிமார் தோட்டத்தின் வேலை 1641இல்தான் தொடங்கியது. மும்தாஜ் 1631இலேயே இறந்துவிட்டார். காஷ்மீரத்து ஷாலிமார் தோட்டம் அதற்கு முந்தியது. 1619இல் ஜஹாங்கீர் காலத்தில் அமைந்தது. ஆக 'மும்தாஜுக்காக ஷாஜகான் கட்டிய தோட்டம்' என்று விளம்பரங்களில் வரும் கதை வரலாற்றில் நிற்காது. 1920களின் பாரிஸுக்குக் கிழக்குத் திசை ஒரு கனவாக இருந்தது. ழாக் அந்தக் கனவைப் படைத்தாரே தவிர லாகூரை அறிந்து படைக்கவில்லை. இதை ஒப்புக்கொள்வதால் வாசனையின் தரம் குறையாது. ஆனால் கதையைக் கதை என்றே சொல்ல வேண்டும் என்ற கடமை நமக்கு இருக்கிறது.

ஆண்டுக் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஷாலிமார் உருவானது 1921 என்பார்கள். பக்கரா என்ற கண்ணாடி நிறுவனம் செய்த, நீல விசிறி மூடி கொண்ட அந்தப் புட்டியோடு உலகறிய வந்தது 1925ஆம் ஆண்டு பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில். புட்டியை வரைந்தவர் ரேமோன் கெர்லேன்.

19 மார்ச் 2023

மிட்சுகோவைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்ததும், பிடிபட நெடுநாள் ஆனதும் அதுதான்.

1919இல் ழாக் செய்தது. ஒரு பிரெஞ்சு நாவலில் வரும் ஜப்பானிய நாயகியின் பெயர். 1912இல் வந்த 'லெர் ப்ளே', அதாவது நீல நேரம், எந்தப் புட்டியில் வந்ததோ அதே தலைகீழ் இதய மூடிப் புட்டியில்தான் மிட்சுகோவும் வந்தது. போருக்கு முன் ஒன்று, போருக்குப் பின் ஒன்று, புட்டி அதேதான். அந்தி நேரத்து மென்மையில் கரையும் லெர் ப்ளேயை முகர்ந்துவிட்டு உடனே மிட்சுகோவை முகர்ந்தால் இடையில் என்ன நடந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதன் நடுவில் பீச் பழ மணம் உண்டு. அதைத் தருவது 'ஆல்டிஹைடு சி-14' என்று தொழிலில் வழங்கப்படும் பொருள். உண்மையில் அது ஆல்டிஹைடும் இல்லை, அதில் 14 கார்பனும் இல்லை. 11 கார்பன் கொண்ட ஒரு லாக்டோன். பழம் வெல்வெட்டுப் போல் மேலே இருக்க, அடியில் இருண்ட, ஈரமான, மரப்பட்டை மணம் ஒன்று இருக்கும். முதல் முறை முகர்ந்தபோது இதை எங்கோ அறிவேன் என்று தோன்றியது. எங்கே என்று வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மசாலா வறுத்தேன். பட்டை, சோம்பு போட்டு, கடைசியில் ஒரு சிட்டிகை கல்பாசியை வாணலியில் போட்டதும் கையை நிறுத்திவிட்டேன். அதேதான். மிட்சுகோவின் அடியில் இருப்பது கருவாலி மரத்தில் படரும் ஒருவகைப் பாசி. தாவரவியலில் அதுவும் நம் கல்பாசியும் லைக்கன்களே. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காய்ந்த கல்பாசியைக் கையில் கசக்கி முகருங்கள், அதில் பாதி மண்ணும் பாதி மழையும் இருக்கும். அதன் மேல் நன்கு பழுத்த ஒரு பீச்சை வையுங்கள். மிட்சுகோவுக்கு இதைவிட நெருக்கமான விளக்கம் என்னிடம் இல்லை.

2 ஏப்ரல் 2023

ஒரு கசப்பான அனுபவத்தையும் பதிவு செய்கிறேன், ஏனெனில் அது என் தீர்ப்பைச் சில ஆண்டுகள் கெடுத்து வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை ஒன்றில், 1960களின் மிட்சுகோ என்று சொல்லி ஒருவர் விற்ற புட்டியை அரை மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். திறந்ததும் நகப்பூச்சு நெடி வந்தது. பெர்கமோட் முழுவதும் கெட்டு, மேல்மணம் புளித்துப் போயிருந்தது. 'பழையதே இவ்வளவுதான் என்றால் புகழெல்லாம் வெறும் பேச்சு' என்று முடிவு கட்டிவிட்டேன். அது அநியாயமான முடிவு. வெளிச்சத்திலும் வெப்பத்திலும் கிடந்த புட்டியில் சிட்ரஸ் எண்ணெய்களே முதலில் சாகும். அதே புட்டியிலிருந்து ஒரு சொட்டைத் துணியில் விட்டு மறுநாள் காலை முகர்ந்திருந்தால் அடிமணம் உயிரோடு இருப்பது தெரிந்திருக்கும். நான் கோபத்தில் அதைச் செய்யாமல் புட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

'அந்தக் காலத்து மணம் இந்தக் காலத்தில் இல்லை' என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: அந்தக் காலத்து மணம் என்று நீங்கள் எதை முகர்ந்தீர்கள், படைத்தவர் கையிலிருந்து வந்ததையா, 50 ஆண்டு அலமாரியில் கிடந்து மாறிப்போனதையா?

9 ஏப்ரல் 2023

'எல்லாவற்றையும் முதலில் செய்தவர் பிரான்சுவா கோட்டி. கெர்லேன் பின்பற்றியவர் மட்டுமே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் பாதிக்கு மேல் உண்மை என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ழாக்கின் காலத்துப் பாரிஸ் வாசனைக்காரரான கோட்டியின் 'ஷீப்ர்' 1917இல் வந்தது, மிட்சுகோ 1919இல். கோட்டியின் 'லோரிகான்' 1905, லெர் ப்ளே 1912. இந்த வரிசை தற்செயலாக இருக்க முடியாது.

வெர்சாய் நகரத்தில் 'ஓஸ்மோதேக்' என்றொரு வாசனைக் காப்பகம் உண்டு, 1990இல் தொடங்கியது. உற்பத்தி நின்றுபோன வாசனைகளையும் மூலச் சூத்திரத்தின்படி அங்கே மீண்டும் செய்து, காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவின் கீழ், இருட்டில், 12 டிகிரிக் குளிரில் பாதுகாக்கிறார்கள். அங்கே காகிதக் கீற்றில் கோட்டியின் ஷீப்ரைத் தந்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். பெர்கமோட், மல்லிகை, பாசி எல்லாம் தனித்தனியாக, கூர்முனையோடு, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. கல் தெரியும்படி கட்டிய கோட்டைச் சுவர் போன்ற வாசனை அது. பையிலிருந்த மிட்சுகோக் கீற்றை அதன் பக்கத்தில் வைத்தேன். அதே கற்கள்தாம், ஆனால் பீச் மணம் இடைவெளி எல்லாவற்றிலும் பூசப்பட்டு, சுவர் முழுவதும் வழுவழுப்பாக ஆகிவிட்டிருந்தது.

கோட்டி கண்டுபிடித்தார், ழாக் கண்டுபிடித்ததை முடித்துவைத்தார். எது பெரியது என்ற வழக்கில் நான் முன்பு கோட்டியின் பக்கம் நின்றேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கோட்டியின் ஷீப்ரைத் தேடி ஒரு காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மிட்சுகோ கடையில் கிடைக்கிறது. யாரோ ஒருவர் இன்று காலை அதைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

14 மே 2023

கோடை வந்ததால் வெட்டிவேர் நினைவு. ழான்-போல் கெர்லேனின் 'வெத்திவேர்' 1959இல் வந்தது. ழாக் 80 வயதைத் தாண்டிய நிலையில், 18 வயதுப் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து மூலப்பொருள்களை மோந்து அடையாளம் சொல்லப் பழக்கினார். அந்தப் பயிற்சி முடிந்த சில ஆண்டுகளில் வந்த படைப்பு இது.

பிரெஞ்சில் 'வெத்திவேர்' என்று எழுதப்படும் அந்தச் சொல் நம்முடையதே. வெட்டி எடுக்கும் வேர் என்ற தமிழ்ச் சொல் கப்பலேறிப் போய் அகராதியில் அமர்ந்துவிட்டது. கடலூர்ப் பக்கத்து மணல் நிலங்களில் இன்றும் வெட்டிவேர் பயிராகிறது. எங்கள் வீட்டில் மண்பானைத் தண்ணீரில் ஒரு சிறு முடிச்சுப் போட்டு வைப்பார்கள். ஆகையால் கடையில் அந்தப் பெயரைக் கண்டதும் பானைத் தண்ணீரை எதிர்பார்த்தே முகர்ந்தேன். வந்தது புகையிலை, ஜாதிக்காய், எலுமிச்சை வகை. வேர் எங்கோ பின்னால் இருந்தது. ஏமாற்றத்தோடு கீற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று இரவு சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்து பாட்டி வீட்டு மணம் வந்தது. மேலே இருந்த எல்லாம் போய், வேர் மட்டும் மிஞ்சியிருந்தது.

மல்லிகைக்கும் இப்படியொரு மெய்யான தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் பறிக்கும் குண்டுமல்லியும் சாதிமல்லியும் மாலைக்கும் கூந்தலுக்கும் மட்டும் போவதில்லை. கோயம்புத்தூர், சத்தியமங்கலம், மதுரை வட்டாரங்களில் பூவிலிருந்து மணச்சாறு இறக்கி உலக வாசனைத் தொழிலுக்கு அனுப்புகிறார்கள். ஒரு கிலோச் சாற்றுக்கு அரை டன்னுக்கு மேல் பூ வேண்டும். விடியுமுன் பறிக்கும் கைகளின் பெயர் எந்தப் புட்டியிலும் வராது என்பதை இந்த இடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

15 மே 2023

'சம்சாரா'வைப் பற்றி எழுத மறந்தேன் என்று நினைவூட்டியிருக்கிறார்கள். 1989ஆம் ஆண்டுப் படைப்பு. மல்லிகையும் மைசூர்ச் சந்தனமும் அளவு மீறிச் சேர்ந்தது. பிறவிச் சுழல் என்ற பொருளில் அவர்கள் வைத்த பெயர் நம் காதில் வேறு மாதிரி விழுகிறது. என் மனைவிக்கு இதை வாங்கிக் கொடுத்தபோது பெட்டியின் மேல் இருந்த பெயரைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. சந்தன மரங்கள் அருகிப் போனதால் இன்றைய சம்சாராவில் அந்த அளவு மைசூர்ச் சந்தனத்தை எதிர்பார்க்க இயலாது.

25 ஜூன் 2023

இப்போது முதல் கேள்வியின் கூர்மையான பகுதிக்கு வர வேண்டும்: மணம் மாறிவிட்டதே?

மாறிவிட்டது. மாறியே தீர வேண்டும். மிட்சுகோவின் உயிரான பாசியில் அட்ரானால், குளோரோ அட்ரானால் என்ற இரு பொருள்கள் உண்டு. அவை தோல் ஒவ்வாமையைக் கடுமையாகத் தூண்டுபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அவற்றைத் தடை செய்து, 2021க்குள் கடைகளிலிருந்து முழுவதும் அகற்றியது. பெர்கமோட் எண்ணெயில் உள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைக் கறுக்கச் செய்யும். அதையும் நீக்க வேண்டியிருக்கிறது. வாசனை விரும்பிகள் பலர் இந்த விதிகளைத் திட்டுகிறார்கள். நானும் மிட்சுகோவின் பொருட்டு வருந்துகிறேன். ஆனால் மருந்தகத்தில் நிற்கும் எனக்கு, கழுத்தில் செந்தடிப்போடு வந்து நிற்பவர்களைத் தெரியும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் போகாது. என் மூக்கின் இன்பத்துக்காக அவர்கள் அதைச் சுமக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: ஒரு கல்லை உருவிவிட்டுச் சுவரை எப்படி நிற்க வைப்பது? 2008இல் ழான்-போலின் இடத்துக்கு வந்த தியெரி வாசர் சுவிட்சர்லாந்துக்காரர், குடும்பத்தைச் சேராதவர். விளைநிலங்களுக்குத் தாமே போய்ப் பெர்கமோட்டும் ரோஜாவும் பார்த்து வாங்கும் பழக்கத்தை அவர் விடவில்லை. பழைய சூத்திரங்கள் பலவற்றை அன்றைய மூலப்பொருள்களோடு மீட்டுச் செய்து, விற்பதற்காக இல்லாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்கள். அதாவது எது போயிற்று என்பதை மூக்கால் அறிந்த பிறகே அதற்கு ஈடு தேடுகிறார்கள். 2000களின் நடுவில் வாங்கிய என் மிட்சுகோவில் ஒரு பள்ளம் இருந்தது; பழத்துக்குக் கீழே தரை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் வாங்கியதில் தரை திரும்பி வந்திருக்கிறது. பழைய தரை இல்லை, சற்று மெலிந்தது. ஆனால் கால் வைத்தால் நிற்கிறது.

பாரம்பரியம் என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான். ஓலைக் கூரையில் ஒவ்வோர் ஆண்டும் கீற்று மாற்றுகிறோம். பத்தாண்டில் பழைய கீற்று ஒன்றுகூட இருக்காது, வீடு அதே வீடு. கீற்று மாற்றத் தெரிந்தவர் இல்லாமல் போனால் மட்டுமே வீடு விழும்.

26 ஜூன் 2023

நேற்று எழுதியது கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டதோ என்று இரவெல்லாம் யோசித்தேன். சூத்திரம் மாறுவதற்கு விதிகள் மட்டும் காரணமாக இருப்பதில்லை, செலவும் ஒரு காரணம் என்ற ஐயம் வாங்குகிறவர்களிடம் இருக்கிறது, அது நியாயமான ஐயமே. புட்டியின் மேல் 'சூத்திரம் மாற்றப்பட்டது, இன்ன ஆண்டு, இன்ன காரணம்' என்று வாசனை இல்லங்கள் ஒரு வரி எழுதலாம். எழுதுவதில்லை. அந்த மௌனம் எனக்கு உடன்பாடில்லை.

2 ஜூலை 2023

ழான்-போல் கெர்லேனை இவ்வளவு புகழ்ந்த பிறகு மறைக்கக் கூடாத ஒன்று: 2010இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில், சம்சாரா உருவான கதையைச் சொல்லும்போது, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொற்களைப் பேசினார். பாரிஸின் ஷான்செலிசே வீதியிலுள்ள கெர்லேன் கடை முன் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2012இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டு அபராதம் விதித்தது. இந்தியச் சொல்லும் இந்திய மரமும் கொண்டு செய்த ஒரு வாசனையின் கதைக்குள் அந்தச் சொற்கள் வந்தன என்பது எனக்கு வலித்தது. ஓராண்டு சம்சாராவை வீட்டில் யாரும் தொடவில்லை. ஒரு வீட்டின் மரபைப் பேசுகிறவர் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பேசக் கூடாது.

17 செப்டம்பர் 2023

ஷான்செலிசே 68ஆம் எண் கடைக்கு மீண்டும் போனேன். 1914 முதல் அவர்கள் இருக்கும் இடம். இம்முறை வாசனையை விட்டுவிட்டு முடிச்சைப் பார்த்தேன். உயர்ந்த புட்டிகளின் கழுத்தை அங்கே இன்றும் கையால்தான் அடைக்கிறார்கள். மெல்லிய சவ்வு ஒன்றை நனைத்து மூடியின் மேல் இழுத்துப் போர்த்தி, மெழுகிட்ட நூலைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி இறுக்குகிறார்கள். சவ்வு காய்ந்ததும் சுருங்கி மூடியைப் பிடித்துக்கொள்ளும். காற்றும் உள்ளே போகாது, மணமும் வெளியே வராது. தேனீப் புட்டிகளுக்குப் பட்டு நூலைக் கட்டி, அதன் நுனியைச் சிறு தூரிகையால் நீவி நீவிப் பிரித்து, ஆட்டுத்தாடி போல் விரித்துவிடுகிறார்கள். இதைச் செய்யும் பெண்களுக்கு 'மேசைப் பெண்கள்' என்று பெயர்.

வேலை செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்களையே கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நூலின் ஒரு முனை பல்லில் இல்லை என்பதைத் தவிர, புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் பூ கட்டுகிற அக்காமாரின் விரல்கள் அவை. கண் வேறெங்கோ இருக்க, இரண்டு சுற்று, ஓர் இழுப்பு, முடிச்சு. எத்தனை நாளில் கை பழகும் என்று கேட்டேன். நாள் கணக்கில் இல்லை என்றார்.

15 ஜனவரி 2024

பொங்கல் வாழ்த்துகள். தேனீப் புட்டியில் 69 தேனீக்கள் என்று அந்த இல்லம் சொல்கிறதே, யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். சிறுவயதில் நான் எண்ணியபோதெல்லாம் 71 அல்லது 66 வந்தது. தொடங்கிய இடம் எது என்பது மறந்துவிடும். புட்டி இப்போது புதுச்சேரியில் என் தங்கையிடம் இருக்கிறது. நேற்றுப் போகிக்கு வீடு ஒழிக்கும்போது அதை எடுத்து, எண்ணிய தேனீ ஒவ்வொன்றின் மேலும் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்தாளாம். 69. தொலைபேசியில் படம் அனுப்பினாள். உடம்பெல்லாம் பொட்டோடு புட்டி ஊஞ்சல் பலகையில் நிற்கிறது.

அந்தப் புட்டிகளைக் கடையில் மீண்டும் நிரப்பித் தருகிறார்கள் என்பதால், வரும் கோடையில் வரும்போது இங்கே எடுத்துவந்து நிரப்பித் தருகிறேன் என்று சொன்னேன். கீற்று மாற்றுவதைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியவன் அல்லவா. அவள் சம்மதிக்கவில்லை. "வேண்டாண்ணா. மூடியைத் திறந்தா இன்னும் பாட்டி துணி வாசம் லேசா வருது. புதுசா ஊத்தினா அது போயிடும்" என்றாள்.

நிரப்பவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை என்று இன்று காலை சொன்னாள்.